கண்ணீருக்காகத் திருத்தப்பட்ட வாழ்க்கை

குயீன் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் வாழ்வைச் சொல்லும் 'பொஹீமியன் ராப்சொடி' (2018) படத்தைக் கண்டோர் பலர், வரலாற்றையே கண்டதாக உருகினர். எந்த வரலாறு? 1985 ஜூலை 13 லைவ் எய்ட் மேடைக்கு முன்பே தம் நோயை அவர் தோழர்களிடம் சொல்வதாகப் படம் காட்டுகிறது. நோய் உறுதியானது 1987இல் என்று அவருடன் வாழ்ந்தவரே எழுதியுள்ளார். பிரிந்திருந்த குழு அம்மேடைக்காகக் கூடியது என்கிறது படம். அவர்களோ அவ்வாண்டு மே வரை ஒன்றாகவே பாடிவந்தனர்.

சினிமாதானே என்பர் சிலர். கற்பனைப் பாத்திரத்துக்கு அது பொருந்தும். 1991இல் மாண்டவர் எழுந்து வந்து மறுப்பாரா? மாண்டவர் மீது இட்டுக்கட்டுவதைக் கலை என்று நாம் ஏற்கலாகாது. அழுவதில் பிழையில்லை, விசாரியாமல் அதையே பிள்ளைகளுக்கு வரலாறாகச் சொல்வதுதான் பிழை.