முதல் பார்வை யாருக்கு?

மழைக்காலம் வந்தால் போதும், ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் டெங்கு விழிப்புணர்வு ஃபிளெக்ஸ். அச்சடிக்கக் காசு இருக்கிறது, கட்டித் தொங்கவிட ஆள் இருக்கிறது. பார்க்கிறவர்களின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசிக்கத்தான் யாருமே இல்லை!

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு தரும் இடத்தில் ஒன்று தொங்குகிறது. மேல்பாதி முழுக்கக் கும்பிட்டபடி சிரிக்கும் பெரிய மனிதர்களின் படங்கள். நடுவில் காக்கை அளவுக்கு ஒரு கொசு. நாம் செய்யவேண்டியது என்ன என்பது மட்டும் அடியில், சிவப்புப் பின்னணியில் பச்சை எழுத்தில், பொடிப்பொடியாக.

முகம் இருக்கும் படத்தில் நம் கண் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது அந்த முகத்தில்தான். அந்த முதல் பார்வையைப் பெரிய மனிதர்களுக்குக் கொடுத்துவிட்டால், நோயைத் தடுக்கும் சேதிக்கு என்ன மிச்சம்? ஒரு சமயத்தில் கண் கூர்மையாகப் பார்ப்பதே, நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு இடத்தைத்தான். வரிசையில் நகர்ந்துகொண்டே இருக்கும் காய்ச்சல்காரர் எத்தனை வரியைத் துழாவுவார்? 6 மீட்டர் தள்ளி நின்றால், நல்ல பார்வை உள்ளவருக்கே எழுத்து 9 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும். கண்புரை உள்ள பாட்டிக்கு அது பல மடங்காக வேண்டும். சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாத ஆண்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாமல் போகலாம்.

இத்தனைக்கும் சேதி சின்னதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர்ப் பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையிடும். அது கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒருநாள் தொட்டியையும் டிரம்மையும் காலி செய்து தேய்த்துக் கழுவவேண்டும். இதைக் காட்ட ஒரு டிரம், ஒரு பிரஷ், தேய்க்கும் ஒரு கை போதாதா?

பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாத 1960-களிலேயே குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சிவப்பு முக்கோணமும் நான்கு முகங்களும் போதுமாக இருந்தன. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அங்கே முகமே சேதி.

அதிகாரிகளே, அடுத்த ஃபிளெக்ஸை அச்சுக்கு அனுப்புமுன் மாதிரியைச் சுவரில் ஒட்டுங்கள். இருபதடி தள்ளி ஒரு பாட்டியை நிற்கவைத்து, "இது என்ன செய்யச் சொல்லுது பாட்டி?" என்று கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் தயவுசெய்து அச்சடிக்காதீர்கள்.