வாலுக்கு வந்த வழுக்கை

நமக்கு முன்மண்டை காலியானால் 'சீனியாரிட்டி' என்று ஆபீஸில் சமாளிக்கலாம். கல்யாண ஊர்வலக் குதிரைக்கு வால் மொட்டையானால்? அட்வான்ஸ் வாபஸ்!

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வேப்பெண்ணெய் பேரம் பேசிய குதிரைக்காரருக்கு அதே கவலை. "செவுத்துல தேச்சே பிடரி, வால் ரெண்டும் போச்சு தம்பி!"

"வாலை மட்டும் தேய்ச்சா குடல்புழுவா இருக்கலாம்ணே. ஆசனவாயைச் சுத்தி முட்டை போடும், அந்த நமைச்சல். பிடரியும் சேர்ந்தா, கொசுவைவிடப் பொடிசா க்யூலிகாய்டஸ்னு ஒரு பூச்சி. அது கடிச்சா சில குதிரைக்கு அலர்ஜி. எதுக்கும் மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அந்தப் பூச்சி அதிகம் கடிப்பது விடியலிலும் அந்தியிலும். அப்போது லாயத்துக்குள் கட்டி, ஃபேன் போடலாம். எதிர்க்காற்றில் பறக்கத் திராணியில்லாத பயில்வான் அது.

"என் வீட்டுக்கே ஒரு ஃபேன்தான் தம்பி!"

இருக்கட்டுமே. சம்பாதிக்கிறவருக்குத்தானே காற்று!