வாசலில் 5ஜி, கல்லாவில்?

தி.நகர் ஜவுளிக்கடை வாசலில் நின்றால் போனில் 5ஜி ஜம்மென்று காட்டுகிறது. துணி எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய்ப் பணம் அனுப்பப் பார்த்தால் சக்கரம் சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது! பின்னால் நீண்ட வரிசை. கடைசியில் பையைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு, வாடிக்கையாளர் தெருவுக்கு ஓடுகிறார்.

போன் மேல் குற்றம் இல்லை. அலையின் குணம் அப்படி!

அலைவரிசை ஏற ஏற, வேகத்துக்கு இடம் கிடைக்கும். ஆனால் தூரம் குறையும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை பல கிலோமீட்டர் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். இங்கே 5ஜிக்கு அதிகம் பயன்படுவது 3,300 மெகாஹெர்ட்ஸ். கான்கிரீட் சுவர் இரண்டு குறுக்கே வந்தால் அது திணறும். உடனே போன் 4ஜிக்கு இறங்கும். அங்கேயோ ஏற்கெனவே கூட்டம்!

2022 ஏலத்தில் விற்ற 26,000 மெகாஹெர்ட்ஸ் அலை இன்னும் நோஞ்சான். அலை நீளமே ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். சில நூறு மீட்டரில் மூச்சு வாங்கிவிடும். சுவர் தடுக்கும், மரத்து இலை தடுக்கும், குறுக்கே நிற்கிற ஆள்கூடத் தடுப்பார்!

அமெரிக்காவில் வெரைசன் கம்பெனி 2019-ல் சிகாகோ, மினியாபொலிஸ் நகரங்களில் இந்த ரக அலையில்தான் 5ஜியைத் தொடங்கியது. தெருமுனையில் பறந்தது, கட்டடத்துக்குள் படுத்தது. 2021-ல் நடுத்தர அலை வாங்க அதே கம்பெனி 4,500 கோடி டாலருக்கு மேல் கொட்ட வேண்டியதாயிற்று.

பரிகாரம் இல்லாமல் இல்லை. விளக்குக் கம்பத்திலும், வணிக வளாகத்தின் மாடிக்கு மாடியும் சின்னச் சின்ன ஆன்டெனா வைத்தால் போதும். ஆனால் செலவு யாருடையது என்றால், கம்பெனி கட்டடக்காரரைக் காட்டுகிறது. "சிக்னல் வேணும், டவர் மட்டும் நம்ம மாடியில வேணாம்" என்கிறார் கட்டடக்காரர். நல்ல கூத்து!

சிக்னல் எங்கெங்கே உண்டு என்று கம்பெனிகள் வரைபடம் வெளியிட வேண்டும் என 2024 அக்டோபர் முதல் டிராய் விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் தெரு முழுக்க வண்ணம் பூசிய படத்தைப் பார்த்து, அடித்தளத்தில் கடை எடுக்கிற வியாபாரி என்ன தெரிந்துகொள்வார்?

வெளியே கிடைப்பதற்கு ஒரு நிறம், கட்டடத்துக்குள் கிடைப்பதற்கு வேறு நிறம் என்று தனித்தனியாகக் காட்ட டிராய் உத்தரவு போட வேண்டும். பெரிய வணிக வளாகம் கட்ட அனுமதி கேட்டு வருகிறவரிடம், உள்ளே ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் எங்கே இடம் விட்டிருக்கிறார் என்று அதிகாரிகள் பிளானிலேயே பார்க்க வேண்டும்.