குதிரை முதுகும் சேண மெத்தையும்

குதிரையின் முதுகு சுமை ஏற்றுவதற்கென்றே அமைந்தது என்னும் எண்ணம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. உடற்கூறு அறிந்தவர்கள் இதனை ஒப்புவதில்லை. முதுகின் நடுவே வரிசையாக எழுந்து நிற்கும் எலும்பு முனைகளைத் தோலும் மெல்லிய நார்களுமே போர்த்தியிருக்கின்றன. கழுத்தும் முதுகும் கூடுமிடத்திலுள்ள தோள்மேட்டில் அப்போர்வை இன்னும் மெல்லியது. தண்டின் இருமருங்கிலும் விலா எலும்புகளின்மேல் நீண்டு படர்ந்துள்ள தசைகளே பாரம் தாங்கத் தக்கவை. நடுவில் ஒரு வாய்க்கால் போல இடைவெளி விட்டு, பாரம் முழுவதையும் இவ்விரு தசைகளின்மீது பரப்புவதே சேணத்தின் வேலை.

சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து 80 கிலோகிராம் நிறை என்று கொள்வோம். சேணத்தின் அடிப்பாகம் 1,200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் முதுகைத் தொடுமானால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 67 கிராம் பாரம் விழும். அதே சேணம் வளைவு பொருந்தாமல் நான்கு மூலைகளில் மட்டும் ஊன்றி, 300 சதுர சென்டிமீட்டரையே தொடுமானால், பாரம் 267 கிராமாகிவிடும். இவை அசையாது நிற்கும் குதிரைக்கான கணக்கே. குதிரை துள்ளு நடையில் ஓடும்போது சேணத்தின் அடியில் எழும் விசையின் உச்சம் சவாரியாளரின் எடையைப்போல் இரு மடங்குக்கும் மேற்படுவதை அளவுக் கருவிகள் காட்டியுள்ளன.

தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழல்களின் அழுத்தமோ மிகச் சிறியது. மனிதத் தோலில் அது 32 மில்லிமீட்டர் பாதரச அளவு, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 44 கிராம். குதிரைத் தோலுக்கும் இதே எண்ணைப் பொருத்துவது முறையாகாதெனினும், நன்றாகப் பரப்பிய பாரமும் எவ்வளவு குறுகிய எல்லைக்குள் நிற்கிறது என்பது இதனால் விளங்கும். நடக்கும்போது அழுத்தம் ஏறியும் இறங்கியும் வருவதால் இடையிடையே இரத்தம் பாய வழியுண்டு. பாரத்தை இறக்காமல் ஓரிடத்திலேயே நெடுநேரம் நிறுத்திவைக்கப்படும் பிராணிக்கு அந்த ஆறுதலும் இல்லை.

இந்நிலையில் சேணத்தின் அடியில் இடும் மெத்தையைச் சர்வரோக நிவாரணி போலக் கருதுவது வழக்கமாகி வருகிறது. ரப்பர் நுரை, ஜெல், ஆட்டுக் கம்பளித் தோல், அழுத்திய கம்பளம் எனப் பலவகை மெத்தைகள் கடைகளில் கிடைக்கின்றன. விலை கூடினால் குணமும் கூடும் என்று வாங்குவோரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை பாதியளவே உண்மை. குறுகலான சேணத்தின் அடியில் தடித்த மெத்தையை இடுவது, இறுகிய ஜோட்டினுள் தடித்த காலுறை அணிவது போன்றதே. நெருக்கம் அதிகரிக்குமேயன்றிக் குறையாது. சேணத்தின் மரச்சட்டம் அகன்றதாயிருக்கும்போது தக்க மெத்தை துணைசெய்யக்கூடும். ஆகவே மெத்தையைப் பற்றிய கேள்வி எழுமுன் சேணத்தைப் பற்றிய கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

வியன்னாவின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வுகள் இவ்விஷயத்தில் கவனிக்கத் தக்கவை. ஜெல், தோல், நுரை, கலைமான் உரோமம் ஆகிய நால்வகை மெத்தைகளைச் சேணத்தின் அடியில் இட்டு, அழுத்தம் அளக்கும் விரிப்பைக்கொண்டு சோதித்தனர். பொருத்தமான சேணத்தில் மொத்த விசையின் உச்சத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது கலைமான் உரோமம் ஒன்றே. அளவுக்கு மீறி அகன்ற சேணத்திலோ, தேர்ந்தெடுத்த மெத்தை பாரத்தைக் குறைக்க உதவியது. ஆயினும் எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே மெத்தை நன்மை செய்யவில்லை. கலைமான் நம் நாட்டில் இல்லையே என வருந்த வேண்டியதில்லை. குதிரைக்குக் குதிரை முதுகு வேறு என்பதே இச்சோதனைகளிலிருந்து நாம் கொள்ளவேண்டிய செய்தி.

மெத்தை தேர்வோர் முதலில் வெறும் சேணத்தை முதுகின்மேல் வைத்துப் பார்த்தல் நலம். தோள்மேட்டுக்கும் சேண வளைவுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா, நடுவில் கை நுழையும்படி அடிப்பாகம் தூக்கி நிற்கிறதா என்று அறியலாம். வேலை முடிந்து சேணத்தைக் கழற்றியதும், வியர்வையில் நனைந்த முதுகின் நடுவே உலர்ந்த திட்டு தென்பட்டால், அங்கு அழுத்தம் மிகுதி என்று ஐயுறலாம். முதுகில் வெண்மயிர்த் திட்டுகள் இருப்பின், முன்பு எப்போதோ நேர்ந்த காயத்தால் நிறம் தரும் உயிரணுக்கள் அழிந்தன என்பது பொருள். சந்தையில் குதிரை வாங்குவோர் பல்லைப் பார்ப்பதோடு இதனையும் பார்க்கலாம்.

நுரையைச் சோதிப்பதும் எளிது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தும்போது ஒரு விரல் மற்றொன்றை உணருமானால், பாரத்தின் கீழ் அந்நுரை காகிதமாகிவிடும். ஜெல் வெப்பத்தைத் தேக்குகிறது. கம்பளி வியர்வையை உறிஞ்சும். ஆனால் அழுக்கும் உப்பும் சேர்ந்து இறுகினால் உரம்போட்ட கட்டையாய் உறுத்தும். பழைய குதிரைப்படைகளில் மடித்த கம்பளிப் போர்வையை விரித்து, குதிரை இளைக்க இளைக்க மடிப்பை மாற்றியமைத்தனர். விலையுயர்ந்த பல மெத்தைகளுக்கு இந்த இணக்கம் வாய்ப்பதில்லை.

இந்தியாவில் இவ்விஷயம் பந்தயக் குதிரைகளைவிட, பாரம் சுமக்கும் மட்டக்குதிரைகளையும் கோவேறு கழுதைகளையுமே பெரிதும் சார்ந்தது. கௌரிகுண்டத்திலிருந்து கேதார்நாத் வரை ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம் ஏறவேண்டும். ஏற்றத்தில் சேணம் பின்னோக்கி வழுக்கும். இறக்கத்தில் முன்னோக்கி வந்து தோள்மேட்டில் முட்டும். சமதரையில் பொருந்திய சேணம் மலைப்பாதையிலும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. சாக்கையும் பழங்கம்பளியையும் சுருக்கம் நீக்காமல் அடுக்கிவிட்டால், ஒவ்வொரு மடிப்பும் ஒரு புண்ணுக்கு வித்தாகும்.

சட்டம் இதனை மறக்கவில்லை. 1965-ஆம் ஆண்டின் பாரவண்டி, சுமைப் பிராணிகள் பற்றிய விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோகிராம், கோவேறு கழுதைக்கு 200 கிலோகிராம் எனச் சுமைக்கு எல்லை வகுத்ததோடு, தோள்மேட்டுக்கும் சேண வளைவுக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கவேண்டும் என்றும் கூறுகின்றன. எடையைத் தராசில் நிறுத்துக் காட்டலாம். இடைவெளியைக் காணச் சேணத்தைக் கழற்றியாக வேண்டும். சோதனைச் சாவடிகளில் இந்த இரண்டாவது வேலையும் நடைபெறுவது அவசியம். குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2012-இன் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.25 லட்சமாக இருந்து 2019-இல் 3.4 லட்சமாகக் குறைந்தது. எஞ்சியவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, ஒரு சேணப்புண் என்பது பல நாள் கூலியின் இழப்பு.

அடிமெத்தையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நம் நாட்டின் ‘நம்தா’ என்னும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். ராஜஸ்தானத்து டோங்க் நகரிலும் காஷ்மீரத்திலும் கம்பளியை நனைத்து அழுத்தி நம்தா செய்யும் தொழில் இன்றும் உண்டு. ஹிஸாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்கள் இத்தொழிலாளரோடு கூடி, மலைப்பாதைக்கு ஏற்ற இரண்டு மூன்று தடிப்புகளில், முன்னும் பின்னும் மெல்லிய துண்டுகளைச் செருகும் பைகளுடன் கூடிய மெத்தைகளை வகுத்தால், வெளிநாட்டுப் பண்டத்தை நாட வேண்டியதில்லை. ஒவ்வொரு பிராணிக்கும் இரண்டு மெத்தைகள் வேண்டும். மலைக்குளிரில் ஈரக் கம்பளி ஓரிரவில் உலர்வதில்லை. ஒன்று காயும்போது மற்றொன்று முதுகில் இருக்கவேண்டும்.