விலை சரியினும் சரியாத எழுத்து

2019-இல் புற்றடி மின்னேலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 உருபா வரை விற்றது; மூன்றாண்டிற்குள் ஆயிரத்திற்கும் கீழே சரிந்தது. போடிநாயக்கனூரும் கம்பம் பள்ளத்தாக்கும் நன்கறிந்த இவ்வேற்ற இறக்கம் எழுத்துத் தொழிலிலும் உண்டு. பொறிகட்கும் மென்பொருள்கட்கும் கையேடு எழுதும் தொழில்நுட்ப எழுத்தாளர், சென்னையிலும் பெங்களூரிலும் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்கட்காக ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர். 2001-இலும் 2008-இலும் அமெரிக்கப் பொருளியல் சரிந்தபோது, இங்கே மென்பொருள் துறையில் வேலைகள் பறிபோயின. அயலார் செழித்தால் வாழ்வு, அவர் தளர்ந்தால் தாழ்வு என்பது ஒரு பிழைப்பா?

தேனி உழவனின் தேவையோ விலையோடு ஏறி இறங்குவதன்று. பூச்சிக்கொல்லியுடன் வட்டார மொழியிலும் அச்சிட்ட விளக்கத்தாள் இருத்தல் வேண்டுமென்பது 1971-ஆம் ஆண்டு விதி. தெளிக்கும் அளவு, நச்சுக் குறிகள், முறிமருந்து எல்லாம் அதிலேயே உள்ளன. அத்தாள் பொடியெழுத்திலும் புரியாத மொழிபெயர்ப்பிலும் அமைந்தால், ஏலத்திற்கும் கொடிமுந்திரிக்கும் மருந்தடிக்கும் கூலியாளின் உயிர்க்கு யார் பொறுப்பு?

விலை சரிந்த ஆண்டில், ஒரு துளி மருந்தும் பாழாகாமலிருக்க, தெளிந்த தமிழ் இன்னும் மிகுதியாக வேண்டும். ஆகவே, வேளாண்துறையில் தமிழ்த் தொழில்நுட்ப எழுத்தாளர்க்கு நிலையான பணியிடம் அமைத்தல் அரசின் கடன். அதற்குத் தகுதியுறத் தமிழில் எழுதிப் பழகுதல் தேனி இளைஞர் கடன்!