சினிமா ஸ்டாரைக் காதலித்தால்... வில்லன் யார்?

காதல் படம் என்றாலே ஒரு வில்லன் வேண்டும். பெண்ணின் அப்பா, முறைமாமன், சாதி, பணம், அமெரிக்க மாப்பிள்ளை என்று நமக்குப் பழக்கமான பட்டியல் ஒன்று உண்டு. ஆனால், ஒரு பிரபலமும் ஒரு சாதாரண ஆளும் காதலிக்கிற ரொமான்டிக் காமெடிகளில் இவர்கள் யாரும் பெரிதாகக் குறுக்கே வருவதில்லை. அப்படியென்றால் அந்தக் காதலைப் பாடாய்ப்படுத்துவது யார்?

வெவ்வேறு காலத்தில் வந்த மூன்று படங்களை வரிசையாகப் பார்த்தால் பதில் கிடைத்துவிடுகிறது. வார இறுதியில் பார்க்கவும் இந்த லிஸ்ட்டை வைத்துக்கொள்ளலாம். க்ளைமாக்ஸ் தெரியக் கூடாது என்பவர்கள், படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள் மக்களே!

1953: விற்காத செய்தி

முதல் படம் வில்லியம் வைலர் இயக்கிய ‘ரோமன் ஹாலிடே’. ஆட்ரி ஹெப்பர்னுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படம். சம்பிரதாயங்களால் மூச்சுமுட்டிப்போன இளவரசி ஆன், ஓர் இரவில் ரோம் நகரத் தெருவுக்குத் தப்பி வந்துவிடுகிறார். தூக்க மருந்தின் மயக்கத்தில் இருக்கும் அவரை யாரென்றே தெரியாமல் தன் அறையில் தங்கவைக்கிறார் ஜோ பிராட்லி. ஜோ ஒரு நிருபர். மறுநாள் பேப்பரில் வந்த போட்டோவைப் பார்த்ததும், தன் கட்டிலில் தூங்குவது யார் என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. எக்ஸ்க்ளூசிவ் பேட்டி கிடைத்தால் 5,000 டாலர் தருவதாக எடிட்டர் சொல்கிறார்.

அப்புறம் என்ன? ஐஸ்க்ரீம், ஸ்கூட்டர் என்று ஊர் சுற்றுகிறார்கள். ஜோவின் நண்பர் அர்விங், சிகரெட் லைட்டருக்குள் ஒளித்துவைத்த கேமராவால் எல்லாவற்றையும் க்ளிக் செய்துகொண்டே வருகிறார். ஆனால் ஜோவுக்குக் காதல் வந்துவிட, செய்தியை விற்க மனம் வரவில்லை.

கடைசியில் ஒரு பிரஸ் மீட். நிருபர்கள் வரிசையில் ஜோவைப் பார்த்து அதிர்ந்துபோகிறார் இளவரசி. ‘உங்கள் நம்பிக்கை வீண்போகாது’ என்ற அர்த்தத்தில், மற்றவர்களுக்குப் புரியாதபடி ஜோ சொல்கிறார். எடுத்த போட்டோக்கள் அனைத்தையும் ஒரு கவரில் போட்டு, ரோம் நகரத்தின் நினைவுப் பரிசாக நீட்டுகிறார் அர்விங். இருவரும் சேரவில்லை. ஆனாலும், சினிமா பார்த்த மிகக் கண்ணியமான காதல்களில் இதுவும் ஒன்று.

1999: வாசலில் நின்ற செய்தி

அடுத்து ‘நாட்டிங் ஹில்’. ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுத, ரோஜர் மிச்செல் இயக்கிய படம். லண்டனில் பயணப் புத்தகங்கள் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார் வில்லியம் (ஹியூ கிராண்ட்). வியாபாரம் சுமார்தான். அந்தக் கடைக்குள் ஹாலிவுட் ஸ்டார் அன்னா ஸ்காட் (ஜூலியா ராபர்ட்ஸ்) நுழைகிறார். அப்புறம் தெருமுனையில் இருவரும் மோதிக்கொள்ள, அன்னாவின் சட்டையில் ஆரஞ்சு ஜூஸ் கொட்டுகிறது. கதை ஆரம்பம்!

இந்தப் படத்தில் நான் ரசித்த இடம், வில்லியமின் தங்கை பிறந்தநாள் விருந்து. மிச்சமிருக்கும் ஒரே ஒரு பிரவுனி, ‘என் வாழ்க்கைதான் ரொம்பப் பாவம்’ என்று நிரூபிப்பவருக்கு. ஒவ்வொருவராகச் சோகம் சொல்ல, அன்னாவும் போட்டிக்கு வருகிறார். வருஷக்கணக்கில் டயட், அதாவது வருஷக்கணக்கில் பசி. கூடவே ஆபரேஷன்கள், மோசமான காதலர்கள், ஒருநாள் அழகு போய்விடும் என்ற பயம். கேட்டுவிட்டு ஒரு நொடி எல்லோரும் அமைதியாகிறார்கள். பிறகு, ‘போங்க மேடம், பிரவுனி கிடையாது’ என்கிற மாதிரி சிரித்துவிடுகிறார்கள். ஒரு ஸ்டாரை வீட்டு மனுஷியாகச் சேர்த்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்ன?

ஆனால் வெளியுலகம் அப்படி இல்லை. அன்னாவின் பழைய அந்தரங்கப் படங்கள் பத்திரிகைகளில் வெளியாக, அவர் வில்லியம் வீட்டில் வந்து ஒளிகிறார். அறைத்தோழன் ஸ்பைக் வெளியில் உளறிவிட, மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசல் முழுக்கக் கேமராக்கள். ‘இன்றைய பேப்பர் நாளைக்குக் குப்பைதானே’ என்று வில்லியம் சமாதானம் சொல்கிறார். அன்னா ஏற்கவில்லை. தன்னைப் பற்றி யார் எப்போது எழுதினாலும் இந்தப் படங்களைத் தேடி எடுப்பார்கள், இவை என்றைக்கும் அழியாது என்கிறார். ஸ்மார்ட்போன் யார் கையிலும் இல்லாத 1999-ல் சொன்னது இது!

இதிலும் முடிவு ஒரு பிரஸ் மீட்தான். குதிரைப் பிரியர்களுக்கான பத்திரிகையின் நிருபர் என்று பொய் சொல்லிக் கேள்வி கேட்கிறார் வில்லியம். இந்த முறை காதல் ஜெயிக்கிறது.

2024: எல்லோரும் நிருபர்கள்

மூன்றாவது, பிரைம் வீடியோவில் வெளியான ‘தி ஐடியா ஆஃப் யூ’. ராபின் லீ எழுதிய நாவல்தான் கதைக்கு அடிப்படை. 40 வயது ஆர்ட் கேலரி உரிமையாளர் சொலேன் (ஆன் ஹாத்வே), டீன் ஏஜ் மகளின் அம்மா, விவாகரத்தானவர். அவரைக் காதலிப்பவர் 24 வயது பாய் பேண்டு பாடகர் ஹேய்ஸ் (நிக்கோலஸ் கலிட்ஸின்).

இங்கே எக்ஸ்க்ளூசிவ் பேட்டிக்காகத் துரத்தும் ஜோ இல்லை. வாசலில் நிற்கும் கூட்டத்தையும் தாண்டி இன்டர்நெட் முழுக்க இவர்கள்தான். சொலேனின் வயதைக் கேலி செய்கிறார்கள். அது மகளின் பள்ளிக்கூடம் வரை போகிறது. மகளுக்காகக் காதலை விட்டுக்கொடுக்கிறார் அம்மா. அவர்கள் மறுபடி சந்திக்க ஐந்து வருடங்கள் ஆகின்றன.

முதல் படத்தில் செய்தி ஒரு நிருபரின் கையில் இருந்தது. இரண்டாவதில் வாசலில் நின்ற கும்பலின் கையில். மூன்றாவதில் அது எல்லோர் கையிலும் இருக்கிறது. வில்லன் யார் என்று இப்போது புரிந்திருக்குமே!

நிஜத்தில்?

இந்தக் கதைகள் வெறும் கற்பனை இல்லை. நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. கல்லூரிப் பத்திரிகைக்காக ரஜினிகாந்தைப் பேட்டி எடுக்கப் போன மாணவிதான் லதா. 1981-ல் திருமணம். ‘நாட்டிங் ஹில்’ ஹீரோ பொய்யாக நிருபரானார். இவரோ நிஜமாகவே பேட்டி எடுக்கப் போனவர்! அன்றைக்கு யார் கையிலும் கேமரா போன் இல்லை.

இன்று ஒரு நடிகர் யாருடனோ ஹோட்டலில் சாப்பிடும் போட்டோ வெளியானால் என்ன நடக்கும்? டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது மனப்பாடம். ‘யார் இந்த மர்மப் பெண்?’ என்று முதல் தலைப்பு வரும. கொஞ்ச நேரத்தில் அவர் பெயர், மதியத்துக்குள் படித்த கல்லூரி, சாயங்காலத்துக்குள் பழைய போட்டோக்கள், இரவுக்குள் ‘இவருக்கு இவரா?’ என்று மீம்ஸ். அவர் வெறும் தோழியாகவோ சித்தி பெண்ணாகவோகூட இருக்கலாம்.

அந்த நடிகருக்கு மேனேஜர் இருக்கிறார், பி.ஆர்.ஓ இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். இந்தப் பெண்ணுக்கு இருப்பது குடும்ப வாட்ஸ்அப் குரூப் மட்டும்தான். அதிலும் அதே போட்டோ ஃபார்வேர்டு ஆகிக்கொண்டிருக்கும். நடிகர் புகழை விரும்பி வந்தவர், அதற்கான சம்பளமும் வாங்குபவர். இவர் எதையும் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல ஆபீஸுக்கு பஸ் ஏற வேண்டியவர்.

நட்சத்திரங்களின் காதலைத் தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. அதில் தப்பில்லை. நாலு பேருக்கு இதயம் போட்டு வாழ்த்துவதிலும் தப்பில்லை. ஆனால், பக்கத்தில் நிற்கும் அந்த இன்னொருவரின் பெயரையும் ஊரையும் தோண்டும் லிங்க் வரும்போது மட்டும் ஒரு நொடி யோசிக்கலாம்.

அர்விங் நீட்டினாரே, அந்தப் போட்டோ கவர். இப்போது அது நம் ஒவ்வொருவரின் போனிலும் இருக்கிறது. திருப்பிக் கொடுப்பதும் ஃபார்வேர்டு செய்வதும் நம் விருப்பம்.