திரையில் தெரியும் பின்சாலை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வருகிற நெடுஞ்சாலையில் காரோட்டும் சகோதரிகளுக்குச் சொல்லவே வேண்டாம். முன்னால் பார்ப்பதில் பாதியாவது பின்னாலும் பார்த்தாகணும். சூளகிரி தாண்டினால் கிரானைட் கல் ஏற்றிய லாரி ஒன்று முதுகில் ஒட்டிக்கொண்டே வரும்.

அந்த லாரியைக் காட்டுகிற உள் கண்ணாடிக்குப் பதிலாக இப்போது சின்ன டி.வி. மாதிரி ஒரு திரை வருகிறது. காரின் பின்பக்கக் காமிரா பிடிக்கிற படம் அதில் ஓடும். அமெரிக்காவில் 2016-ம் வருட காடிலாக் காரில் இது வந்தது. நம் நாட்டில் டாடா 2025-ல் விட்ட ஹாரியர் மின்சாரக் காரிலும் உண்டு. பழைய கண்ணாடி மேலேயே ரப்பர் பட்டை போட்டு மாட்டுகிற ரகமும் கடைகளில் கிடைக்கிறது.

பின் சீட்டில் மாமியார், நாத்தனார், மாம்பழக் கூடை என்று அடைத்துக்கொண்டு போனாலும் சாலை மறையாது. ராத்திரியில் லாரி விளக்கு கண்ணைக் கூசுவதும் குறைவு. நல்ல சாமான்தான்.

ஆனால் மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள், அதுவும் நாற்பதைத் தாண்டியவர்கள், கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் 50 மீட்டர் பின்னால் வருகிற லாரியைப் பார்க்கும்போது, கண் அவ்வளவு தூரத்தைப் பார்ப்பது போலவேதான் வேலை செய்கிறது. திரையில் அப்படியில்லை. லாரி எங்கே வந்தாலும் படம் இருப்பது சுமார் 2 அடியில். சாலையைப் பார்த்த கண் சட்டென்று கிட்டத்துக்கு மாறணும். வெள்ளெழுத்து வந்த கண் அப்படி மாறாது. தூரப் பார்வைக் கண்ணாடி போட்டிருந்தாலும் படம் கலங்கலாகத்தான் தெரியும். இரட்டை லென்ஸ் போட்டவர்களுக்கோ வேறு தொல்லை. படிக்கிற பாகம் கீழே, திரை மேலே! மோவாயைத் தூக்கினால்தான் படம் தெளியும். தூக்கின மோவாயோடு முன்னால் பார்த்தால் சாலை கலங்கும்.

"படம் சினிமா மாதிரி இருக்கும்மாங்கிறான் பையன். எனக்கு வர்றது லாரியா பஸ்ஸான்னே தெரியலையே" என்றார் எங்கள் தெரு அக்கா ஒருத்தர். "அவனுக்கு இருபத்திநாலு வயசுக்கா. அவன் கண்ணு வேற, உங்க கண்ணு வேற" என்றேன். ஓட்டப்போகிறவர் யாரோ அவர்தான் உட்கார்ந்து பார்க்கணும். பகலில் ஒரு தடவை, இருட்டினதும் ஒரு தடவை. தினமும் போடுகிற கண்ணாடியோடு பாருங்கள். பின்னால் நிற்கிற வண்டியின் நம்பரைத் தலையை அசைக்காமல் படிக்க முடிகிறதா? முடியாவிட்டால், நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க, வீட்டில் யாரையாவது கண்ணிலிருந்து திரைக்குத் தையல் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். கண் டாக்டரிடம் அந்த அளவைச் சொன்னால் அதற்கேற்ற லென்ஸ் பற்றி யோசனை சொல்வார். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டால் சில திரைகள் கறுத்துப் போகும், அதையும் பார்த்துவிடுங்கள்.

காரோடு வருகிற திரைகள் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரு சின்னப் பிடி இருக்கும். அதைத் தள்ளினால் பழையபடி வெறும் கண்ணாடி ஆகிவிடும். படம் கலங்குகிறவர்கள் கூச்சப்படாமல் அதையே வைத்துக்கொண்டு ஓட்டலாம். கைக்குழந்தைக்காரிகளுக்கும் அந்தப் பிடி வேண்டியிருக்கும். திரையில் சாலைதான் தெரியும், பின் சீட்டில் தூங்குகிற குழந்தை தெரியாது.